ஊசி போடாத டாக்டர் கிளியம்மாள்

கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பெயரை மாற்றிக்கொள்ளும்படி கிளியம்மாளுக்கு யோசனை வந்துவிட்டது. "டாக்டர் கிளியம்மாள்னு போர்டுல எழுதினா நல்லாவா இருக்கும்? கீதா, கிரிஜான்னு எதையாவது வெச்சுக்கோம்மா" என்றார் விடுதிக் காப்பாளர். "நான் போர்டு வெக்கப் போறதில்லீங்க மேடம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார் கிளியம்மாள். விளையாட்டாகச் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. முப்பது வருஷத்துக்கும் மேலான மருத்துவ வாழ்க்கையில் அவர் பெயர் போட்ட கிளினிக் போர்டு எந்தத் தெருவிலும் தொங்கியதில்லை. ஆனால் படப்பையில் தொடங்கி சுங்குவார்சத்திரம் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் ஏறி, "கிளி டாக்டர் வூடு" என்றால் போதும், வாசலில் இறக்கிவிடுவார்கள்.

அப்பா தாவீது சேரப்பணஞ்சேரிக்காரர். செங்கல் லாரி ஓட்டினார். மகள் செங்கல்பட்டில் டாக்டருக்குப் படிக்கிறாள் என்ற பெருமை அவருடைய லாரி ஹாரனில் தெரியும். அந்தப் பக்கம் லோடு போகும்போதெல்லாம் கல்லூரி வாசலில் நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார். உடற்கூறியல் வகுப்பில் பேராசிரியர் பேச்சை நிறுத்தி, "கிளி, உங்கப்பா போறாரும்மா" என்று சொல்லிவிட்டுத் தொடர்வார்.

பயிற்சி மருத்துவராக இருந்த வருஷம் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கோடு வந்தது. சரியாகிப் போனது. பதினைந்து நாளில் திரும்பி வந்தது. மறுபடி சரியாகிப் போய், மறுபடி வந்தது. மூன்றாம் தடவை கிளியம்மாள் குழந்தையின் அம்மாவோடு பஸ் ஏறி அவர்கள் தெருவுக்கே போய்விட்டார். அடிபம்பைச் சுற்றிச் சாக்கடை தேங்கி நின்றது. பம்பின் மேடை வெடித்திருந்தது. பஞ்சாயத்து ஆபீசில் போய் உட்கார்ந்து, ஆள் வரும்வரை எழுந்திருக்காமல், மேடையைப் பூசவைத்து, சாக்கடையைத் திருப்பிவிடச் செய்த பிறகுதான் விடுதிக்குத் திரும்பினார். அந்தக் குழந்தை அதற்குப் பிறகு வரவில்லை. வராத அந்தக் குழந்தையை நினைத்து அவருக்கு உண்டான சந்தோஷம், வார்டில் பிழைக்கவைத்த எந்த நோயாளியைப் பார்த்தும் வந்ததில்லை. மேற்படிப்புக்குச் சமூக மருத்துவத்தை எடுத்தது அதனால்தான்.

தாவீதுக்கு அது விளங்கவில்லை.

"அப்பிடின்னா இன்னா டாக்டரு? கண்ணா, பல்லா, எலும்பா?"

"ஊருக்கு டாக்டருப்பா. ஊருல சீக்கு வராம பாத்துக்கிறது."

"சீக்கே வர்லன்னா டாக்டராண்ட எவன் வருவான்? பொழப்பு எப்புடிம்மா ஓடும்?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். டீக்கடையில், "எம் பொண்ணு ஊசி போடாத டாக்டரு" என்று சொல்லிக்கினு திரிந்தார். மகள் அந்தப் பேச்சைப் பொய்யாக்கினாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு பைக் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தொடையில் முதல் தடுப்பூசி போட்டவர் கிளி டாக்டர்தான்.

அரசு வேலையில் பல ஊர் சுற்றி, கடைசியில் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் மாற்றலாகி வந்தபோது, கண்முன்னே எல்லாம் மாறியிருந்தது. நெல் விளைந்த இடத்தில் நீளமான மதில்கள். மதிலுக்கு உள்ளே தொழிற்சாலை. மதிலுக்கு வெளியே டீக்கடை, லாட்ஜ், பெண்கள் விடுதி. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். செய்யாறு, திண்டிவனம், தென்காசி என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்குவார்கள். புதிதாகச் சீருடை போட்டதுபோல் எப்போதும் சிரித்துக்கினு போகும் கூட்டம். கிளியம்மாளுக்கு அவர்களைப் பார்க்கப் பிடிக்கும்.

ஆனால் அந்தப் பிள்ளைகளே சுகாதார நிலையத்தின் பெஞ்சில் வந்து வரிசையாக உட்கார ஆரம்பித்தபோதுதான் அவர் யோசித்தார். எல்லாருக்கும் ஒரே தொந்தரவு. நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, குளிர்காய்ச்சல். சிலர் வேலையிடத்தில் மயங்கி விழுந்து வந்தார்கள். மாத்திரை கொடுத்தால் குணமாகும். அடுத்த மாதம் அதே பிள்ளை, அதே பெஞ்ச்.

கிராம சுகாதார செவிலியர் தங்கமாரிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வடக்கே வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. அவரை அழைத்துக்கொண்டு கிளியம்மாள் விடுதிகளுக்குப் போனார். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தார். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். கழிவறைகளைத் திறந்து மூடி, தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்றுகூடப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. விடுதிக்காரர் கூடவே வந்து, "பாத்தீங்களா மேடம்? எங்க தண்ணில ஒண்ணும் இல்ல" என்று சிரித்தார்.

"நானும் பிள்ளையளோட உக்காந்து சீரியல் பாத்துக்கிட்டே கேட்டுட்டேன் டாக்டரம்மா" என்றார் தங்கமாரி. "ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டேங்குதுவ. கம்பெனிப் பேச்ச எடுத்தா டிவி சத்தத்தக் கூட்டுதுவ."

ஒரு சித்திரை மாத மதியம் அறிவுமதி என்ற பெண்ணைத் தோழிகள் ஆட்டோவில் தாங்கிக்கினு வந்தார்கள். செய்யாறு பக்கத்துப் பிள்ளை. பத்தொன்பது வயசு. விடுதிப் படிக்கட்டில் மயங்கி விழுந்திருந்தாள். நாக்கு காய்ந்து, உதடு வெடித்திருந்தது. கிளியம்மாள் தன் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அந்தப் பெண் வாங்கி, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடித் திருப்பித் தந்தாள்.

"குடிம்மா. முழுசா குடி."

"வேணாம் மேடம். ரெண்டு மணி ஷிஃப்டு கீது."

கிளியம்மாளின் கை அப்படியே நின்றது. ஷிஃப்டுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? தோழிகளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கு ஷிஃப்டு கிடையாது. நான் சீட்டு எழுதித் தரேன். சொல்லு, வேலைக்குப் போற அன்னிக்குத் தண்ணி குடிக்கவே மாட்டியா?"

அறிவுமதி தயங்கினாள். "எம் பேரு வெளிய வராதே மேடம்?"

"உன் பேரே எனக்கு மறந்து போச்சு."

அந்தப் பெண் முதன்முறையாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள். லைனுக்கு ஒரு மஞ்சள் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால்தான் கழிவறைக்கு வெளியே போகலாம். ஒருத்தி போய் வந்த பிறகுதான் அடுத்தவள். அவள் இடத்தில் நின்று வேலை பார்க்க மாற்று ஆள் வேண்டும். மேலங்கி, தொப்பி, கால் உறை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கேண்டீனைத் தாண்டி நடக்க வேண்டும். திரும்பி வரும்போது காவலுக்கு நிற்கும் அம்மா உடம்பைத் தடவிச் சோதிக்கும். அதற்குள் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"கேக்கவே கூச்சமா கீது மேடம். அவரு ஆம்பள. அதான், குடிக்கலன்னா போவ வேணாம் பாருங்க. எல்லாம் அப்பிடித்தான் பண்றோம்."

அன்று வீட்டுக்குப் போய்க் கிளியம்மாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கணவர் டில்லிபாபு அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கம்பெனி உள்ள போய் சத்தம் போட்டுட்டு வா" என்றார்.

"சத்தம் போட்டா யார் சொன்னதுன்னு தேடுவாங்க. அந்தப் பொண்ணு வேலை போயிடும்."

மேலிடத்தில் கேட்டுப் பார்த்தார். அது தொழிற்சாலை சமாசாரம், நீங்கள் தடுப்பூசி வேலையைப் பாருங்கள் என்று பதில் வந்தது. தடுப்பூசி வேலையையும் பார்த்துக்கொண்டு அவர் காத்திருந்தார். அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அறிவுமதி வேலை பார்த்த அந்தத் தொழிற்சாலையிலிருந்தே அழைப்பு வந்தது. பெண் ஊழியர்களுக்கு ரத்தசோகை முகாம் நடத்தித் தர வேண்டும், பேனர் தயார், போட்டோகிராபர் தயார். அழைத்தவர் மனிதவளத் துறை மேலாளர் ஸ்ரீதர். முப்பதைத் தாண்டிய வயசு, சிரித்த முகம், பேசப் பேச உற்சாகமாகும் சுபாவம்.

முகாமுக்கு முன்னால் அவர் அறையில் கிளியம்மாள் பேச்சை எடுத்தார். உங்கள் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை என்றார். ஸ்ரீதருக்கு முகம் சுருங்கியது.

"மேடம், எங்க ஆர்.ஓ. தண்ணி மாதிரி இந்த ஏரியாவுலயே கிடையாது. தினமும் மூணு லிட்டர் குடிங்கன்னு ஃப்ளோர் முழுக்க போஸ்டர் ஒட்டியிருக்கோம். யார் உங்ககிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்க?"

"மூத்திரம் சொல்லிச்சு சார்."

"என்னது?"

"உங்க பொண்ணுங்க மூத்திரம். எங்க லேப்ல கொடுத்தா அதுவே எல்லாம் சொல்லிடும். பேரு மட்டும் சொல்லாது."

ஸ்ரீதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கிளியம்மாள் கேட்டுவிட்டார். "முகாம் நல்லா நடத்தித் தரேன். அதுக்கு முன்னால நானும் நீங்களும் லைன்ல ஒரு அரை ஷிஃப்டு நிக்கணும். உங்க போஸ்டர்ல இருக்கிற மாதிரியே தண்ணி குடிச்சுட்டு."

கிரிக்கெட் பந்தயத்துக்குக் கூப்பிட்டதுபோல ஸ்ரீதர் எழுந்துவிட்டார். "அவ்ளோதானே? வாங்க."

இரண்டு பேரும் கேண்டீனில் ஆளுக்கு இரண்டு பெரிய தம்ளர் மோர் குடித்தார்கள். அதன் மேல் ஒரு பாட்டில் தண்ணீர். பிறகு நீல மேலங்கி, தொப்பி, கால் உறை எல்லாம் மாட்டிக்கொண்டு லைனில் போய் நின்றார்கள். கிளியம்மாளின் பருத்த உடம்புக்கு மேலங்கியின் பொத்தான் பாதிதான் பூட்டியது. எதிரே நின்ற பிள்ளைகள் முகமூடிக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. சின்னச் சின்னப் பலகைகள் நகர்ந்து வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு படலத்தை உரித்து ஒட்ட வேண்டும். கிளியம்மாள் ஒட்டுவதற்குள் மூன்று பலகை தாண்டிப் போனது. பக்கத்துப் பெண் தன் வேலையோடு அவர் வேலையையும் பார்த்தாள். கடைசி வரிசையில் அறிவுமதி நின்றுகொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு மணி நேரம் சுகமாகப் போனது. அதற்குப் பிறகு ஸ்ரீதர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மாறினார். கிளியம்மாளுக்கும் அதே கதிதான். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஸ்ரீதர் சூப்பர்வைசரை ஜாடை காட்டிக் கூப்பிட்டார். சுப்பிரமணி என்று பெயர். கெட்டவர் இல்லை. நாள் கணக்கை முடிக்காவிட்டால் அவர் தலைதான் உருளும்.

"சுப்பிரமணி, நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடறேன்."

"சார், கார்டு வெளிய போயிருக்கு சார்."

"யோவ், நான் ஸ்ரீதர்யா."

"தெரியும் சார். இப்ப ரிலீவர் இல்ல. நீங்க போனா லைன் நிக்கும். லைன் நின்னா ரிப்போர்ட் போவும்." சுப்பிரமணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க போட்ட ரூல்தான் சார்."

லைன் முழுக்கச் சிரிப்பு ஓடியது. முகமூடிகளை மீறிச் சத்தம் வந்தது. மஞ்சள் அட்டை திரும்பி வந்ததும் ஸ்ரீதர் கையை நீட்டினார். ஆனால் வரிசையில் அவருக்கு முன்னால் இன்னும் நான்கு பெண்கள் இருந்தார்கள். அந்த நான்கு பேரும் சேர்ந்து, "சார் போவட்டும்" என்று விட்டுக்கொடுத்தார்கள். மேலங்கியைக் கழற்றி, கால் உறையை உதறி, கேண்டீனைத் தாண்டி அந்த மனிதர் போன வேகத்தைப் பார்த்துச் சுப்பிரமணியே வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கடுத்து அட்டை கிளியம்மாளிடம் வந்தது. அவர் போன வேகமும் குறைச்சல் இல்லை.

திரும்பி வந்து ஸ்ரீதர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே சுவரில் இருந்த அந்த மூன்று லிட்டர் போஸ்டரைப் பார்த்தார்.

"எங்க அக்கா பொண்ணுக்கு இந்த வயசுதான் மேடம்" என்றார்.

மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. மேலே இருப்பவர்களிடம் பேசிப் புரியவைக்க ஸ்ரீதருக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. பாதி நாள் கிளியம்மாளுக்குப் போன் செய்து, "மேடம், லீவு எடுக்கிற கணக்கு கேக்கறாங்க, எத்தனை பேர் வராங்கன்னு கேக்கறாங்க" என்று புலம்புவார். பெயரை மறைத்து எண்ணிக்கையை மட்டும் கிளியம்மாள் எடுத்துத் தருவார். காய்ச்சலில் வீணாகும் வேலை நாளைவிட மாற்று ஆள் போடுவது லாபம் என்று கடைசியில் கம்பெனிக்கே புரிந்தது. மஞ்சள் அட்டை போனது. லைனுக்கு லைன் கூடுதல் ஆள் வந்தார்கள். கேண்டீனுக்கு இந்தப் பக்கமே கழிவறை கட்டினார்கள். பெண்களில் சிலரைச் சூப்பர்வைசராக ஏற்றினார்கள்.

அடுத்த கோடை வந்தது. பெஞ்ச் காலியாகக் கிடந்தது. "சத்திரத்துப் பிள்ளைய நம்மள மறந்தே போச்சுவ டாக்டரம்மா" என்று தங்கமாரி குறைப்பட்டுக்கொண்டார். கிளியம்மாள் அன்று எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அறிவுமதி மட்டும் சில வருஷம் கழித்து வந்தாள். கையில் குழந்தை, தடுப்பூசிக்காக. இப்போது அவள் தன் லைனுக்கு லீடர். "எம் பேரு ஞாபகம் வந்துச்சா மேடம்?" என்று கேட்டுவிட்டு, பாட்டிலை எடுத்து மடமடவென்று பாதியைக் காலி செய்து காட்டினாள்.

கிளியம்மாள் ஓய்வு பெற்றது ஒரு ஜூன் மாதக் கடைசியில். ஜூலையிலேயே வேலை வந்து சேர்ந்தது. படப்பைக்கு உள்ளே புது மனைப்பிரிவு ஒன்றில் அவரும் டில்லிபாபுவும் வீடு கட்டியிருந்தார்கள். மனை விற்றவர்கள் தெருவுக்குப் பூப்பெயராக வைத்தார்களே தவிர, கால்வாய் விடவில்லை. மழை பெய்தால் மல்லிகைத் தெரு தண்ணீர் முழுக்க ரோஜாத் தெருவில் நிற்கும். கொசு பெருகி, போன வருஷம் வீட்டுக்கு ஒருவர் டெங்குவில் படுத்திருந்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் அறிவித்ததும் தெருப் பெண்கள் கும்பலாக வந்துவிட்டார்கள். வார்டு உறுப்பினருக்கு நிற்க வேண்டுமாம்.

"எனக்கு அரசியல் தெரியாதும்மா."

"கால்வா தெரியுமில்ல? அது போதும் டாக்டரு."

சின்னம் மூக்குக்கண்ணாடி. எதிர்த்து நின்றவர் மனை புரோக்கர் சின்னப்பையன். ஆள் பலம், ஆட்டோ, மைக் செட் எல்லாம் அவர் பக்கம். இவர் பக்கம் டில்லிபாபுவின் ஸ்கூட்டரும், பள்ளியிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த விசிலும். தெருமுனையில் அவர் விசில் அடித்தால் டாக்டர் வந்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் ஓட்டுக் கேட்கப் போன எந்த வீட்டிலும் ஓட்டைப் பற்றிப் பேச முடியவில்லை. நோட்டீஸை நீட்டினால் ஜனங்கள் கையை நீட்டினார்கள், பிரஷர் பார்க்கச் சொல்லி. இரண்டாம் நாளிலிருந்து பிரஷர் கருவியையும் தூக்கிக்கொண்டே போனார். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஆனது.

"இந்த வேகத்துல போனா எலெக்‌ஷன் முடிஞ்சப்புறம்தான் கடைசித் தெருவுக்குப் போவோம்" என்றார் டில்லிபாபு.

ஒருநாள் இரண்டு பிரசாரமும் ஒரே முனையில் சந்தித்துக்கொண்டன. சின்னப்பையன் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார். வேர்த்துக் கொட்டியது.

"டாக்டரு, போட்டி போட்டியாவே இருக்கட்டும். ரெண்டு நாளா தல சுத்திக்கினே கீது. கொஞ்சம் இன்னான்னு பாரேன்."

பார்த்தால் பிரஷர் எக்கச்சக்கம். கிளியம்மாள் அவருடைய ஆட்டோவிலேயே அவரை ஏற்றி, மைக்கை நிறுத்தச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்று நாள் சின்னப்பையன் படுக்கையில் கிடந்தார். நல்ல சான்ஸ், இப்போது தெரு தெருவாகப் போய்விடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். கிளியம்மாள் அந்த மூன்று நாளில் பாதியை ஆஸ்பத்திரியில் போய் அவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்வதில் கழித்தார். சின்னப்பையனின் மனைவி கனகம் வெளியே வரைக்கும் வந்து காதோடு சொன்னார்: "எங்க வூட்டு ஓட்டு உனக்குத்தான் டாக்டரு. அவராண்ட மட்டும் சொல்லிடாத."

ஜெயித்தது சொற்ப ஓட்டில். கனகம் சொன்னபடி போட்டாரா என்று கிளியம்மாள் கேட்கவில்லை. சின்னப்பையன் மாலை வாங்கிக்கினு முதல் ஆளாக வந்தார். "என் வூட்டு ஓட்டு மொத்தமும் எனக்கு வுழுந்தும் தோத்துட்டேன் பாரு" என்றார். பக்கத்தில் நின்ற கனகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மனைப்பிரிவின் வரைபடம் எங்கே, பொதுவழி எது, எவர் மதில் எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது என்பதெல்லாம் மனை விற்ற சின்னப்பையனுக்குத்தான் அத்துப்படி. கிளியம்மாள் கூச்சப்படாமல் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவரும் பிகு பண்ணாமல் வந்து இடம் காட்டினார். மதிலை உள்ளே தள்ள மறுத்த இரண்டு வீட்டுக்காரர்களிடம் கிளியம்மாள் டெங்குவைப் பற்றிப் பேசினார், சின்னப்பையன் வேறு எதையோ பேசினார். இரண்டு மதிலும் உள்ளே போயின. கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, ஒன்றியத்துக்கு நடையாய் நடந்து, வைகாசிக்குள் கால்வாய் முடிந்தது.

இந்த ஐப்பசியில் முதல் கனமழை விடியற்காலையில் கொட்டியது. கிளியம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ரோஜாத் தெருவுக்கு ஓடினார். தண்ணீர் சளசளவென்று கால்வாயில் இறங்கி ஏரிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் கணுக்கால் நனையவில்லை. பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஷிஃப்டுக்குப் போகும் பிள்ளைகள் பேண்ட்டை மடிக்காமல் கம்பெனி பஸ்சுக்கு நடந்தார்கள்.

சின்னப்பையன் தன் வாசலிலிருந்து கையாட்டிக் கூப்பிட்டார்.

"டாக்டரு, எங்க வூட்டாண்ட கால்வா மூடி சரியில்ல. பைக்கு போனா தடக்கு தடக்குன்னு சத்தம். ராத்திரில தூக்கம் போவுது, பிரஷர் ஏறுது."

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"மூடியப் பாருன்னா மாத்திரையக் கேக்கறியே."

"ரெண்டையும் பாக்கறேன், வரேன்" என்று சொல்லி, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கிளியம்மாள் அந்த மூடியைக் காலால் மிதித்துப் பார்க்கப் போனார்.